முதல் வரி பிள்ளையார் சுழி அல்ல

கடிதம் எழுதத் தொடங்கும் முன் தாளின் உச்சியில் பிள்ளையார் சுழி போடுவது நம் வீடுகளில் நெடுநாள் பழக்கம். அதைப் போடுவதால் கடிதத்தின் பொருள் மாறுவதில்லை. போடாவிட்டாலும் கடிதம் போய்ச் சேரும். சி, சி++ மொழிகளில் நிரல் எழுதப் பழகும் மாணவர்கள் பலர் தங்கள் நிரலின் முதல் வரியையும் இப்படித்தான் கருதுகிறார்கள். '#இன்க்ளூட்' என்று தொடங்கும் அந்த வரியை எதற்காக எழுதினாய் என்று கேட்டால், "எப்போதும் போடுவதுதான் சார், போடாவிட்டால் பிழை காட்டும்" என்று பதில் வருகிறது. இன்னும் சிலர், எதற்கும் இருக்கட்டும் என்று ஏழெட்டு வரிகளை அடுக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். எங்கள் மாணவர்கள் ஊசலின் அலைவுநேரத்தையும் எறிபொருளின் பாதையையும் கணிப்பொறியில் கணக்கிடுகிறார்கள். அவர்களுடைய நிரல்களைத் திருத்தும்போது, தவறுகளில் கணிசமானவை இந்த முதல் சில வரிகளிலேயே தொடங்குவதைப் பார்க்கிறேன். ஆகவே இக்கட்டுரையில் ஒரே ஒரு கருத்தை வற்புறுத்த விரும்புகிறேன். சேர்ப்பு வரி என்பது சடங்கு அல்ல. அது ஒரு வாக்குமூலம். "இன்ன பெயரை நான் பயன்படுத்துகிறேன், அதன் விவரம் இன்ன கோப்பில் இருக்கிறது" என்று நீங்கள் எழுத்தில் தரும் வாக்குமூலம். எந்தப் பெயரைப் பயன்படுத்துகிறீர்களோ அதற்குரிய கோப்பைச் சேர்க்க வேண்டும். பயன்படுத்தாததற்குச் சேர்க்கக் கூடாது. எப்போது சேர்ப்பது என்ற கேள்விக்கு என் விடை இவ்வளவுதான். இது ஏன் சரியான விடை என்பதைப் பார்ப்போம்.

அந்த வரி என்ன செய்கிறது?

முதலில் அந்த வரியின் வேலையைத் தெரிந்துகொள்வோம். நாம் எழுதிய நிரலைக் கணிப்பொறி நேரடியாகப் புரிந்துகொள்வதில்லை. கம்பைலர் என்னும் நிரல்பெயர்ப்பி அதை இயந்திர மொழிக்கு மாற்றித் தர வேண்டும். அந்த மாற்றம் தொடங்கும் முன், முன்செயலி என்னும் பகுதி நிரலை மேலிருந்து கீழாக ஒரு முறை படிக்கிறது. '#இன்க்ளூட்' வரியைக் கண்டதும், அதில் சொல்லப்பட்ட கோப்பைத் திறந்து, அதிலுள்ள எழுத்துகள் அனைத்தையும் அப்படியே எடுத்து, அந்த வரி இருந்த இடத்தில் ஒட்டிவிடுகிறது. அவ்வளவே அதன் வேலை. அந்தக் கோப்பில் இருப்பது தேவையா, தேவையில்லையா என்று அது ஆராய்வதில்லை. கத்தரிக்கோலும் பசையும் வைத்துக்கொண்டு ஒருவர் செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது.

கோப்பின் பெயரைக் கோணக் குறிகளுக்குள் எழுதினால், கம்பைலருடன் வந்த கோப்புகள் இருக்கும் இடத்தில் தேடும். இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் எழுதினால், முதலில் நம் நிரல் இருக்கும் இடத்தில் தேடும். அங்கே கிடைக்காவிட்டால்தான் மற்ற இடத்துக்குப் போகும். நாமே எழுதிய கோப்புக்கு மேற்கோள் குறி, மொழியோடு வந்ததற்குக் கோணக் குறி என்பது இதனால்தான்.

பெயர்களையும் சற்றுக் கவனியுங்கள். மாணவர்கள் பலர் 'ஸ்டுடியோ' என்று படிக்கும் கோப்புக்கும் புகைப்பட நிலையத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஸ்டாண்டர்டு, இன்புட், அவுட்புட் என்ற மூன்று சொற்களின் சுருக்கம் அது. தரப்படுத்தப்பட்ட உள்ளீடு, வெளியீடு என்று பொருள். கடைசியில் வரும் 'எச்' என்ற எழுத்து 'ஹெட்டர்', அதாவது தலைப்புக் கோப்பு என்பதைக் குறிக்கிறது. பெயரின் பொருளை அறிந்தவன், எழுத்தைத் திரையில் அச்சிடாத ஒரு கோப்பில் அதைச் சேர்க்க ஒரு கணமாவது தயங்குவான்.

காகித நாடாவில் தொடங்கிய வழக்கம்

பிறர் எழுதி வைத்ததை நம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் சி மொழியோடு தோன்றியதல்ல. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் தலைமையில் உருவான எட்சாக் என்னும் கணிப்பொறி 1949ஆம் ஆண்டு மே மாதம் தன் முதல் நிரலை இயக்கியது. அதற்கு நிரலைத் துளையிட்ட காகித நாடாவில் கொடுக்க வேண்டும். வர்க்கமூலம் காண்பது, கோணங்களின் சைன் மதிப்பைக் காண்பது போன்ற வேலைகள் எல்லாருக்கும் அடிக்கடி தேவைப்பட்டன. ஒவ்வொருவரும் அவற்றைப் புதிதாக எழுதினால் நேரமும் வீண், பிழையும் அதிகம். எனவே நன்கு சோதித்த துணைநிரல்களின் நாடாக்களை ஒரு நூலகமாகச் சேர்த்து வைத்தார்கள். வேண்டியவர் வேண்டிய நாடாவை எடுத்து, அதன் துளைகளைத் தம் நாடாவில் படியெடுத்துக்கொள்வார். 1951ஆம் ஆண்டளவில் அந்த நூலகத்தில் 87 துணைநிரல்கள் இருந்தன. வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் இது பற்றி எழுதிய நூலும் அதே ஆண்டு வெளிவந்தது.

அங்கே ஒரு நன்மை இருந்தது. நாடாவை எடுக்க நாற்காலியை விட்டு எழுந்து போக வேண்டும். படியெடுக்கும் வரை காத்திருக்க வேண்டும். நினைவகமும் மிகச் சிறியது. ஆகவே தேவையற்றதைச் சேர்க்க யாருக்கும் மனம் வந்திருக்காது. இன்று நமக்கு ஒரு வரி தட்டினால் போதும். உழைப்புக் குறைந்தபோது யோசனையும் குறைந்துவிட்டது.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி சி மொழியை உருவாக்கினார். முன்செயலி அதில் முதலிலேயே இருக்கவில்லை. 1972-73 வாக்கில் பின்னர் சேர்க்கப்பட்டது. பி.சி.பி.எல், பி.எல்/1 என்னும் முந்தைய மொழிகளில் இருந்த கோப்புச் சேர்ப்பு வசதி பயனுள்ளதாகத் தோன்றியதும் அதற்கு ஒரு காரணம். அன்று எளிய வசதியாக வந்த அந்த வரிதான் இன்றும் நம் திரையில் நிற்கிறது.

அட்டைப் பட்டியலும் புத்தகமும்

இங்கே பரவலாக உள்ள ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். 'மேத்.எச்' என்னும் கோப்பைச் சேர்த்தால் வர்க்கமூலம் காணும் செயற்கூறு முழுவதும் நம் நிரலுக்குள் வந்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

ஊர் நூலகத்தில் அட்டைப் பட்டியல் இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் நூலின் பெயர், ஆசிரியர், எந்த அலமாரி என்ற விவரம் மட்டும் இருக்கும். நூல் அலமாரியில் இருக்கும். தலைப்புக் கோப்பு அந்த அட்டையைப் போன்றது. "எஸ்.க்யூ.ஆர்.டி என்று ஒரு செயற்கூறு உண்டு, அதற்கு ஒரு தசம எண்ணைக் கொடுக்க வேண்டும், அது ஒரு தசம எண்ணைத் திருப்பித் தரும்" என்ற அறிவிப்பு மட்டுமே மேத்.எச் கோப்பில் இருக்கிறது. வர்க்கமூலம் காணும் வழிமுறை வேறோர் இடத்தில், ஏற்கெனவே இயந்திர மொழிக்கு மாற்றப்பட்ட நூலகக் கோப்பில் இருக்கிறது. இரண்டையும் கடைசியில் ஒன்று சேர்ப்பது லிங்கர் என்னும் இணைப்பான். லினக்ஸ் கணிப்பொறியில் மேத்.எச் கோப்பைச் சரியாகச் சேர்த்த பிறகும் "இப்பெயருக்குரிய வரையறை கிடைக்கவில்லை" என்ற பிழை சில மாணவர்களுக்கு வருவதுண்டு. கணித நூலகத்தையும் இணைக்கும்படி இணைப்பானிடம் அவர்கள் சொல்லவில்லை என்பதே காரணம். அட்டை கையில் இருக்கிறது; நூல் வரவில்லை.

இந்த வேறுபாடு புரிந்தால் சேர்ப்பு வரியின் பயன் தெளிவாகும். அது கம்பைலருக்குத் தரப்படும் முன்னறிவிப்பு. முன்னறிவிப்பு இல்லாவிட்டால் என்ன நேரும்?

சேர்க்காமல் விட்டால்

ஒரு மீட்டர் நீளமுள்ள தனி ஊசலின் அலைவுநேரம் சுமார் 2 வினாடி. நீளத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் கண்டு, இரண்டு பையால் பெருக்க வேண்டும். 1989ஆம் ஆண்டுத் தரத்தின்படி அமைந்த சி மொழியில், மேத்.எச் கோப்பைச் சேர்க்காமலே எஸ்.க்யூ.ஆர்.டி என்ற பெயரை எழுத இடமிருந்தது. அறிவிப்பு இல்லாத செயற்கூறைக் கண்டால், "இது ஒரு முழு எண்ணைத் திருப்பித் தரும்" என்று கம்பைலர் தானே அனுமானித்துக்கொள்ளும். ஆனால் எஸ்.க்யூ.ஆர்.டி திருப்பித் தருவது தசம எண். இரண்டும் கணிப்பொறியில் வெவ்வேறு முறையில் குறிக்கப்படுபவை. எனவே நிரல் பிழையின்றி ஓடி முடியும். ஆனால் 2 வினாடிக்குப் பதிலாகப் பொருளற்ற ஓர் எண் திரையில் நிற்கும்.

ஊசலின் விடை நமக்கு முன்பே தெரியும். ஆகவே தவறு கண்ணில் படும். விடை தெரியாத கணக்காக இருந்தால்? ஓடாத நிரலைவிட, ஓடித் தவறான விடை தரும் நிரலே ஆபத்தானது. இதை ஆய்வுக்கூடத்தில் எங்கள் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன். ஓடாத மின்னோட்டமானியை உடனே மாற்றிவிடுவோம். தவறாகக் காட்டும் மின்னோட்டமானியோ ஆண்டு முழுவதும் மேசையில் இருக்கும்.

இதைவிடப் பெரிய அளவில் ஒரு தொல்லை நிகழ்ந்தது. கணிப்பொறியிடம் நினைவக இடம் கேட்டு வாங்கும் செயற்கூறுக்கு 'மாலாக்' என்று பெயர். கிடைத்த இடத்தின் முகவரியை அது திருப்பித் தரும். அதற்குரிய தலைப்புக் கோப்பைச் சேர்க்காமல் விட்டால், பழைய கம்பைலர் அந்த முகவரியை முழு எண் என்று எடுத்துக்கொள்ளும். முகவரியும் முழு எண்ணும் 32 பிட் அகலமே இருந்த கணிப்பொறிகளில் இதனால் தீங்கு தெரியவில்லை. நிரல்கள் ஆண்டுக்கணக்கில் நன்றாகவே ஓடின. பிறகு 64 பிட் கணிப்பொறிகள் பரவின. அவற்றில் முகவரி 64 பிட். முழு எண் 32 பிட்டாகவே நின்றது. முகவரியின் மேற்பாதி வெட்டுண்டு போனது. ஒரு சேர்ப்பு வரி இல்லாத குறை, எழுதியவர் அதை மறந்து பல ஆண்டுகள் ஆன பின்னர், நிரல் திடீரென்று விழுந்தபோதுதான் தெரியவந்தது.

இந்த அனுமானத்தை 1999ஆம் ஆண்டுத் தரம் சி மொழியிலிருந்து நீக்கிவிட்டது. ஆயினும் கம்பைலர்கள் பல ஆண்டுகள் எச்சரிக்கை மட்டும் காட்டிவிட்டு அனுமதித்து வந்தன. பரவலாகப் பயன்படும் ஜி.சி.சி கம்பைலர், 2024இல் வெளிவந்த தன் 14ஆம் பதிப்பில்தான் இதைப் பிழை என்று நிறுத்தத் தொடங்கியது. உங்கள் பள்ளியில் அதைவிடப் பழைய பதிப்பு இருந்தால், அது காட்டும் எச்சரிக்கையைப் படிக்காமல் கடந்துவிடாதீர்கள்.

அளவுக்கு மிஞ்சினால்

அப்படியானால் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டால் தொல்லை இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். சி++ மொழியில் போட்டிகளுக்குப் பழகும் மாணவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். 'பிட்ஸ்' என்று தொடங்கும் ஒரு கோப்பைச் சேர்த்தால், அதன் வழியாக மொழியின் தலைப்புக் கோப்புகள் ஏறக்குறைய எல்லாமே வந்துவிடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். இங்கே அது எப்படி நஞ்சாகிறது என்று காட்டுகிறேன்.

எறிபொருள் ஒன்றின் உயரத்தைக் குறிக்க நீங்கள் ஒய்0, ஒய்1 என்று இரண்டு மாறிகளைச் செயற்கூறுகளுக்கு வெளியே பொதுவாக அறிவிக்கிறீர்கள். இயல்பான பெயர்கள்தாம். லினக்ஸ் கணிப்பொறியில் மேத்.எச் கோப்பும் சேர்ந்திருந்தால், ஒய்1 என்ற பெயர் ஏற்கெனவே வேறொன்றைக் குறிக்கிறது என்று கம்பைலர் மறுத்துவிடும். அது யாருடைய பெயர்? பெசல் சார்புகள் எனப்படும் கணிதச் சார்புகளில் ஒன்றுக்கு அந்தக் கோப்பில் ஒய்1 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மத்தளம் போன்ற வட்டமான தோல் எவ்வாறு அதிர்கிறது என்பதைக் கணக்கிட அவ்வகைச் சார்புகள் தேவைப்படும். கல்லை எறிந்து உயரம் கணக்கிடும் நிரலில் மத்தளத்துக்கு வேலையில்லை. ஆனால் கோப்பைச் சேர்த்தவுடன் அதுவும் உள்ளே வந்துவிட்டது. கோப்பு நமக்கு உண்மையில் தேவைப்பட்டால் நம் மாறியின் பெயரை மாற்றிக்கொள்ளலாம். தேவையே இல்லாமல் சேர்த்துவிட்டு இந்த மோதலில் ஏன் மாட்டிக்கொள்ள வேண்டும்?

நேரமும் ஒரு செலவுதான். மேலே சொன்ன ஸ்டாண்டர்டு இன்புட் அவுட்புட் கோப்பைச் சேர்த்தால், பல நூறு வரிகள் நம் நிரலுக்குள் ஒட்டப்படும். சி++ மொழியில் அதே வேலைக்குரிய 'ஐஓஸ்ட்ரீம்' கோப்பு பல்லாயிரம் வரிகளைக் கொண்டு வரும். பத்து வரி நிரலுக்கு இது பொருட்டல்ல. ஆனால் ஆயிரக்கணக்கான கோப்புகள் கொண்ட பெரிய நிரலில், ஒவ்வொரு கோப்புக்கும் இந்தச் சுமை திரும்பத் திரும்ப ஏறும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியில் இங்கோ மோல்னார் என்னும் பொறியாளர் இதை ஆராய்ந்தார். ஓராண்டுக்கு மேல் உழைத்து, தலைப்புக் கோப்புகள் ஒன்றையொன்று இழுத்துவரும் சிக்கலைப் பிரித்து, 2,200க்கும் மேற்பட்ட திருத்தங்களை 2022 ஜனவரியில் முன்வைத்தார். அவற்றால் நிரலைக் கட்டும் வேகம் 50 முதல் 80 சதவீதம் வரை கூடும் என்று அளந்து காட்டினார். கணக்குகளில் ஒன்றையும் மாற்றாமல், சேர்ப்பு வரிகளை ஒழுங்குபடுத்தியே இவ்வளவு பெற முடிந்தது.

கோ என்னும் மொழியை உருவாக்கியவர்கள் இன்னும் கண்டிப்பாக இருந்தார்கள். 2009இல் வெளிவந்த அம்மொழியில், ஒன்றைச் சேர்த்துவிட்டுப் பயன்படுத்தாமல் விட்டால் அது எச்சரிக்கை அல்ல, பிழை. நிரல் கட்டப்படவே மாட்டாது. இந்தக் கண்டிப்பு தொடக்கத்தில் எரிச்சல் தரும்; ஆனால் நல்ல பழக்கம் தரும் என்பது என் கருத்து.

பிறர் வழியாக வந்தது

இனி, சற்று நுட்பமான ஒரு கேள்வி. முதல் கோப்பை நீங்கள் சேர்க்கிறீர்கள். அந்தக் கோப்பு தன் தேவைக்காக இரண்டாம் கோப்பைச் சேர்த்திருக்கிறது. இரண்டாம் கோப்பில் உள்ள ஒரு பெயரை நீங்களும் பயன்படுத்துகிறீர்கள். அது ஏற்கெனவே வந்துவிட்டதால் கம்பைலர் மறுப்புச் சொல்வதில்லை. இரண்டாம் கோப்பை நீங்கள் தனியே சேர்க்க வேண்டுமா?

சேர்க்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. பக்கத்து வீட்டுக்காரர் தமக்காகச் செய்தித்தாள் வாங்குகிறார்; நீங்களும் தினமும் அங்கே போய்ப் படிக்கிறீர்கள். அவர் ஒருநாள் நிறுத்திவிட்டால் உங்களுக்குச் செய்தி இல்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

2023இல் ஜி.சி.சி கம்பைலரின் 13ஆம் பதிப்பு வந்தபோது இதுவே நடந்தது. அதன் சி++ தலைப்புக் கோப்புகள் சில, தமக்குத் தேவையில்லாத பிற கோப்புகளைச் சேர்ப்பதை நிறுத்திக்கொண்டன. குறிப்பிட்ட அகலமுள்ள முழு எண் வகைகளை அறிவிக்கும் கோப்பு அவ்வாறு விடுபட்டவற்றில் ஒன்று. அதைத் தாமே சேர்க்காமல், பிற கோப்புகளின் வழியாகப் பெற்றுவந்த பல நிரல்கள் புதிய பதிப்பில் கட்டப்படாமல் நின்றன. முறையாகச் சேர்த்திருந்தவர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை.

இதிலிருந்து ஒரு சோதனை முறையின் குறைபாடும் தெரிகிறது. "ஒரு சேர்ப்பு வரியை நீக்கிப் பார், பிழை வராவிட்டால் அது தேவையில்லை" என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சோதனை முழுமையானதல்ல. நீக்கிய கோப்பு வேறு வழியாக உள்ளே வந்துகொண்டிருக்கலாம். கம்பைலரின் மௌனம் சான்றாகாது. உங்கள் நிரலில் நீங்கள் எழுதிய பெயர்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் எந்தக் கோப்புக்குரியது என்று பார்ப்பதே சரியான முறை.

நீங்களே தலைப்புக் கோப்பு எழுதும்போது

நிரல் வளர்ந்து இரண்டு மூன்று கோப்புகள் ஆகும்போது உங்களுக்கே ஒரு தலைப்புக் கோப்பு தேவைப்படும். இரு கோப்புகள் ஒரே செய்தியில் உடன்பட வேண்டியிருந்தால் அந்தச் செய்தியைத் தலைப்புக் கோப்பில் வையுங்கள். ஒரு குழுவில் ஒருவர் புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8 என்று மீட்டர் அலகில் எழுதி, இன்னொருவர் 980 என்று சென்டிமீட்டர் அலகில் எழுதினால் கணக்கு என்னவாகும்? ஒரே இடத்தில் எழுதி, அலகையும் குறித்து, இருவரும் அதைச் சேர்த்துக்கொள்வதே வழி. ஒரே கோப்புக்கு மட்டும் உரிய செய்தியைத் தலைப்புக் கோப்புக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை.

தலைப்புக் கோப்பில் அறிவிப்புகளை வையுங்கள். செயற்கூறின் உடலை அங்கே வைக்காதீர்கள். செயற்கூறு எழுதப்பட்ட சி கோப்பையே இன்னொரு கோப்பில் சேர்ப்பதும் தவறு. ஒரே செயற்கூறு இரண்டு இடங்களில் ஒட்டப்பட்டு, எதை எடுப்பது என்று தெரியாமல் இணைப்பான் நின்றுவிடும்.

ஒரே தலைப்புக் கோப்பு இரண்டு வழிகளில் வந்து இருமுறை ஒட்டப்படுவதும் உண்டு. அதைத் தடுக்க, கோப்பின் தொடக்கத்தில் "இந்தப் பெயர் முன்பே வரையறுக்கப்படாமல் இருந்தால் மட்டும் கீழே உள்ளதைப் படி" என்ற நிபந்தனையை எழுதி, உடனே அப்பெயரை வரையறுத்துவிடுவார்கள். இரண்டாம் முறை வரும்போது நிபந்தனை பொய்யாகிவிடும். கோப்பின் உள்ளடக்கம் விலக்கப்படும். எளிய வழி, நல்ல காவல். நீங்கள் எழுதும் ஒவ்வொரு தலைப்புக் கோப்பிலும் இதை வையுங்கள்.

பைத்தான் கற்பவர்களுக்கு

பைத்தான் மொழியில் 'இம்போர்ட்' என்ற சொல் வருகிறது. அது எழுத்துகளை வெட்டி ஒட்டுவதில்லை. கோப்பை ஒரு முறை இயக்கி, அதிலுள்ள பெயர்களை நமக்குக் கிடைக்கச் செய்கிறது. முறை வேறானாலும் கட்டுப்பாடு ஒன்றே. கணிதக் கோப்பிலிருந்து வேண்டிய பெயரை மட்டும் கேட்காமல், நட்சத்திரக் குறி போட்டு "எல்லாவற்றையும் கொடு" என்று எழுதும் பழக்கம் மாணவர்களிடம் இருக்கிறது. அந்த எல்லாவற்றிலும் 'இ' என்ற ஆங்கில எழுத்தும் ஒன்று. அதன் மதிப்பு 2.718, மடக்கையில் வரும் மாறிலி. இயற்பியலில் அதே எழுத்து எலக்ட்ரானின் மின்னூட்டத்தின் அளவைக் குறிக்கும். அதன் மதிப்பு 1.602 பெருக்கல் பத்தின் அடுக்கு மைனஸ் 19 கூலூம். மின்னூட்டத்தின் மதிப்பைக் கொடுக்க நீங்கள் மறந்துவிட்டால், "இப்பெயர் எனக்குத் தெரியாது" என்று பைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக 2.718ஐ எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் கணக்கை முடித்துவிடும். விடை, பத்தின் அடுக்கு 19 என்ற அளவில் தவறும். ஒரு நட்சத்திரக் குறி செய்த வேலை இது.

மறுப்பும் என் விடையும்

இந்தக் கண்டிப்பு தேவையில்லை என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. முதன்முதலில் நிரல் எழுதும் மாணவனிடம் முன்செயலி, இணைப்பான் என்றெல்லாம் பேசினால் மிரண்டுவிடுவான். முதல் வாரம் அந்த வரியை அப்படியே எழுதட்டும் என்கிறார்கள் ஆசிரியர்கள் சிலர். ஏற்கிறேன். ஆனால் முதல் வாரம் முதல் ஆண்டாக நீளக் கூடாது. போட்டியில் நிமிடங்களை எண்ணி எழுதும்போது எல்லாவற்றையும் ஒரே வரியில் சேர்ப்பது தவறா என்று கேட்கிறார்கள். அன்று மாலை தூக்கியெறியப்படும் நிரலுக்கு அது பொருந்தும். நாளை இன்னொருவர் படித்துத் திருத்த வேண்டிய நிரலுக்குப் பொருந்தாது.

எதைச் சேர்த்தோம் என்று அறியாமலிருப்பது பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிடும் சிறு குறை அல்ல. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்னும் நூலகத்தில் மிகப் பெரிய பாதுகாப்பு ஓட்டை இருப்பது வெளிவந்தது. நிரல் ஓடும்போது நடப்பவற்றைக் குறித்து வைக்கும் சாதாரண நூலகம் அது. ஜாவா மொழியில் எழுதப்பட்ட எண்ணற்ற நிரல்களில் அது இருந்தது. ஓட்டையை அடைக்கும் திருத்தம் விரைவிலேயே வந்துவிட்டது. ஆனால் தங்கள் நிரலில் லாக்4ஜே இருக்கிறதா என்பதே பல நிறுவனங்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் சேர்த்த ஒரு நூலகம் இன்னொன்றைச் சேர்த்திருந்தது. அது லாக்4ஜேயைச் சேர்த்திருந்தது. திருத்துவதற்கு முன் தேட வேண்டியிருந்தது. "நான் எதைச் சேர்த்திருக்கிறேன், எதற்காக?" என்ற கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் அன்று வேகமாகத் தப்பினார்கள்.

இரண்டு சிறு பழக்கங்களைப் பரிந்துரைக்கிறேன். ஒவ்வொரு சேர்ப்பு வரிக்கும் அருகில், அதிலிருந்து நீங்கள் பயன்படுத்தும் பெயர்களைக் குறிப்புரையாக எழுதுங்கள். எழுத ஒரு பெயரும் கிடைக்காவிட்டால் அந்த வரியை நீக்கிவிடுங்கள். பெயர் இருந்து வரி இல்லாவிட்டால் வரியைச் சேருங்கள். ஆசிரியர்களும் செய்முறைத் தேர்வின்போது "இந்த வரியை எந்தப் பெயருக்காக எழுதினாய்?" என்ற ஒரு கேள்வியைக் கேட்கலாம்.

அடுத்த முறை கணிப்பொறி ஆய்வகத்துக்குப் போகும்போது ஒரு சோதனை செய்து பாருங்கள். ஜி.சி.சி கம்பைலருக்கு முன்செயலியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லும் கட்டளை ஒன்று உண்டு. கழித்தல் குறியை அடுத்து ஆங்கிலப் பெரிய எழுத்து 'இ' எழுத வேண்டும். ஐந்தாறு வரிகள் கொண்ட உங்கள் நிரலை அந்தக் கட்டளையோடு கொடுங்கள். ஒட்டப்பட்ட வரிகள் திரையில் ஓடத் தொடங்கும். அவற்றை எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு சேர்ப்பு வரிகளில் ஒன்றை மாற்றி மீண்டும் எண்ணுங்கள். அந்த வரிகளின் கடைசியில், நீங்கள் எழுதிய ஐந்தாறு வரிகள் இருக்கும். மேலே உள்ளவை அனைத்தும் உங்கள் பெயரால் உள்ளே வந்தவை. அவற்றில் எத்தனைக்கு நீங்கள் காரணம் சொல்ல முடியும் என்று பாருங்கள்.